வாய்வழி கெட்டிக்கும் பழைய ரைபிளுக்கு ஏற்ற மருந்தளவும் துணியும் எவை?

கேள்வி: கானாடுகாத்தான் வளவு

வணக்கம். எங்கள் ஐயாவின் தகப்பனார் பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போய்த் திரும்பியபோது எடுத்து வந்ததாக வீட்டில் சொல்லப்படும் பழைய ரைபிள் ஒன்று, உரிமம் முறைப்படி மாற்றப்பட்டு இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. குழல்வாய் வழியாக வெடிமருந்தையும் குண்டையும் கோலால் கெட்டித்து, கேப்பு (அடித்தால் தீப்பொறி எழும் சிறு உலோகத் தொப்பி) வைத்துச் சுடும் வகை அது. காட்டுக்கோ வயலுக்கோ எடுத்துப் போகும் எண்ணம் எனக்கு இல்லை. அனுமதி பெற்ற சுடுதளத்தில் ஐம்பது மீட்டர் தூரத்து இலக்கு அட்டையில் ஒழுங்காகச் சுட வேண்டும் என்பது மட்டுமே விருப்பம்.

எண்கோணக் குழல், நீளம் 30 அங்குலம், உள்ளே எட்டுப் பள்ளங்கள் முறுக்கிச் செல்கின்றன. குழலைக் கட்டையிலிருந்து கழற்றிப் பார்த்தபோது, அடிப்பக்கத்தில் இங்கிலாந்துச் சோதனை முத்திரைகளுக்கு அருகே 38 என்ற எண் பொறிக்கப்பட்டிருந்தது. வெர்னியர் அளவியால் குழல்வாயின் எதிரெதிர் மேடுகளுக்கு இடையே அளந்தால் ஏறத்தாழ 12.6 மில்லிமீட்டர் வருகிறது. துப்பாக்கியோடு கூடவே வந்த அச்சில் வார்த்தால் குண்டு 12.4 மில்லிமீட்டர் விட்டத்தில் விழுகிறது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவர் குழலையும் அதன் அடித்திருகையும் சோதித்துவிட்டு, மிதமான மருந்தளவில் சுடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

சிக்கல் என்னவென்றால், பழைய வேட்டித் துணியில் குண்டைச் சுற்றி, பழைய அளவைக் குப்பியில் 80 கிரெய்ன் (ஏறத்தாழ 5.2 கிராம்) மருந்து எடுத்துச் சுட்டால், துளைகள் ஒரு தாம்பாளத்தின் அகலத்துக்குச் சிதறி விழுகின்றன. முதல் குண்டு ஓரளவு நடுவில் விழும். அடுத்தடுத்தவை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. நான்கைந்து குண்டுகளுக்குப் பிறகு கோல் உள்ளே இறங்கவே மறுக்கிறது. மருந்தை இன்னும் கூட்டினால் குண்டு நேராகப் போகும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரியா? எந்தத் துணி, எந்த எண்ணெய், எவ்வளவு மருந்து என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். ஆச்சியின் பழைய கண்டாங்கிச் சேலைகள் நிறைய இருக்கின்றன. அவை இதற்குப் பயன்படுமா என்பதையும் சொல்லுங்கள்.

மறுமொழி: தேவகோட்டை ரஸ்தா

நண்பர் சொன்னதைச் செய்ய வேண்டாம். உங்கள் சிக்கல் மருந்தின் குறைவால் வந்ததன்று. துணியின் மெல்லிமையாலும், ஒவ்வொரு முறையும் குழலின் உட்புறம் வேறு நிலையில் இருப்பதாலும் வந்தது. இந்த வகைத் துப்பாக்கியில் சுடுபவரே ஒவ்வொரு தோட்டாவையும் குழலுக்குள் வைத்து உருவாக்குகிறார் என்பதால், மருந்து, துணி, எண்ணெய், குண்டு, கோலை அழுத்தும் கைப்பலம் ஆகிய ஐந்தில் எது மாறினாலும் துளை இடம் மாறும். ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்ற நான்கையும் அப்படியே வைத்திருப்பதுதான் நல்ல கெட்டிப்பைக் கண்டுபிடிக்கும் வழி.

முதலில் அந்த 38. ‘பன்னிரண்டு போர்’ (bore, குழல் விட்ட அளவு) துப்பாக்கியைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஒன்றின் விட்டம் என்னவோ, அதுவே அந்தக் குழலின் விட்டம். உங்களுடையதில் அதே பவுண்டு 38 உருண்டைகளாகிறது. கணக்குப் போட்டால் 0.497 அங்குலம், அதாவது 12.6 மில்லிமீட்டர், நீங்கள் அளந்ததும் அதுவே. குழல்வாய் தேய்ந்து அகலவில்லை என்பதற்கு இது ஒரு நல்ல அறிகுறி. இன்று வெளிநாடுகளில் ஐம்பது கேலிபர் (அரை அங்குல விட்டம்) என்று விற்கப்படும் ரைபிள்களுக்கு மிக நெருங்கிய அளவு என்பதால், அவற்றில் கண்ட அனுபவங்கள் பெரும்பாலும் உங்களுக்கும் பொருந்தும். 12.4 மில்லிமீட்டர் தூய ஈயக் குண்டு 11.3 கிராம், அதாவது ஏறத்தாழ 175 கிரெய்ன் இருக்க வேண்டும். நகைக்கடையில் பயன்படுத்தும் தராசு ஒன்று இருந்தால் வார்த்த குண்டுகளை எல்லாம் நிறுத்துப் பாருங்கள். மற்றவற்றைவிட இலேசாக இருப்பவற்றுக்குள் காற்றுக்குமிழ் இருக்கும். அவற்றை மறுபடி உருக்கிவிடலாம்.

மருந்துக்குப் போகுமுன் மூன்று இடங்களைப் பாருங்கள். கேப்பு உட்காரும் நிப்பிளின் நெருப்புத்துளை 0.7 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. பழைய நிப்பிள்களில் அது அரித்து அகன்று, சுடும்போது ஆவி பின்பக்கம் பீறிட்டு, கேப்பை அடிக்கும் குதிரையையே மேலே தள்ளும். அப்படியிருந்தால் மருந்தளவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் குண்டின் வேகம் முறைக்கு முறை மாறும். புதிய நிப்பிளைப் பழுதுபார்ப்பவரிடமே பொருத்திக்கொள்ளுங்கள். அடுத்து, குழலைக் கட்டையோடு பிணைக்கும் ஆப்பு. அது தளர்ந்திருந்தால் குழல் ஒவ்வொரு வெடிக்கும் சற்றே வேறிடத்தில் போய் உட்காரும். மூன்றாவது, குழல்வாயின் விளிம்பு. தலைமுறை தலைமுறையாகக் கோல் உரசிய பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், குண்டு வெளியேறும்போது ஆவி அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு குண்டைத் தள்ளிவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும்.

முறுக்கையும் அளந்துவிடுங்கள். கைப்பிடி தானாகச் சுழலக்கூடிய கோலில் இறுக்கமான துணி மாட்டி, குழலுக்குள் மெல்லத் தள்ளும்போது, கோல் கால் சுற்றுச் சுழல்வதற்கு எத்தனை அங்குலம் உள்ளே போகிறது என்று குறித்து, அதை நான்கால் பெருக்கினால் போதும். 12 அங்குலத்தில் கால் சுற்று என்றால் 48 அங்குலத்துக்கு ஒரு முழுச்சுற்று. உருண்டைக் குண்டுக்கு 48 முதல் 70 வரையிலான மெதுவான முறுக்கு நன்றாக ஒத்துவரும். 28, 32 போன்ற விரைவான முறுக்கு நீளக் குண்டுகளுக்காக வந்தது. அதில் உருண்டையைப் போட்டு அதிக மருந்தில் சுட்டால், ஈயம் பள்ளத்தைப் பற்றாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இனி மருந்தளவு. குழல் விட்டத்தை அங்குலத்தின் நூறில் ஒரு பங்காக எண்ணி அத்தனை கிரெய்னில் தொடங்குவது பழைய வழக்கம். உங்களுக்கு அது ஐம்பது. பழைய குழல் என்பதால் நான் 40 கிரெய்னில், அதாவது 2.6 கிராமில், தொடங்கச் சொல்வேன். மணல் மூட்டையின்மேல் முன்கட்டையை வைத்து, அதே அளவில் ஐந்து குண்டுகளை ஒரே அட்டையில் சுடுங்கள். பிறகு 45, 50 என ஐந்தைந்தாகக் கூட்டி ஒவ்வோர் அளவுக்கும் புதிய அட்டை வையுங்கள். மூன்று துளைகளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மூன்று துளைகள் தற்செயலாகவே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உங்களை ஏமாற்றும். துளைக்கூட்டம் படிப்படியாகச் சுருங்கி, ஓரளவில் மிகச் சிறியதாகி, பிறகு மறுபடி விரியும். அந்தச் சிறிய கூட்டம் விழுந்த அளவின் இருபுறமும் இரண்டிரண்டு கிரெய்ன் கூட்டியும் குறைத்தும் பார்த்தால் இடம் உறுதியாகும். பெரும்பாலான ஐம்பது கேலிபர் குழல்களில் ஐம்பது மீட்டர் இலக்குக்கு 45 முதல் 65 கிரெய்னுக்குள்ளேயே இது கிடைத்துவிடும் என்பதால், பழுதுபார்ப்பவர் சொன்ன மிதமான அளவை மீற வேண்டிய தேவையே உங்களுக்கு வராது. எழுபதைத் தாண்டாதீர்கள். துளைக்கூட்டம் அட்டையில் எங்கே விழுகிறது என்பதைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். அது சிறியதான பிறகுதான் குறிமுள்ளைத் தட்டிச் சரிசெய்ய வேண்டும்.

கருமருந்தைக் கன அளவில் அளப்பதே வழக்கம். அளவைக் குப்பியை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தட்டி, மேலே வழித்துவிட்டால், அதன் துல்லியம் இலக்குச் சுடுவதற்குப் போதும். உங்கள் பழைய குப்பியில் 80 என்று எழுதியிருப்பதை நம்பாமல் தராசில் சரிபாருங்கள். நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் கோல் வெளியே நிற்கும் நீளத்தை விரற்கடையால் அளப்பார்களே, அந்தக் கணக்குச் சிறு ஈய ரவைகளுக்குச் சரி, ரைபிளுக்கு ஆகாது. மருந்து வைத்திருக்கும் பெரிய குப்பியிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டவே கூடாது. உள்ளே முந்திய வெடியின் கங்கு ஒன்று ஒளிந்திருந்தால் கையில் இருக்கும் குப்பி முழுவதும் வெடித்துவிடும். அளவைக் குப்பியில் எடுத்து, பெரிய குப்பியை மூடி அப்பால் வைத்த பிறகே குழலில் இடுங்கள்.

மறுமொழி: கோட்டையூர் தறி

துணியைப் பற்றி நான் சொல்கிறேன். மருந்தைப் பற்றி முந்திய நண்பர் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

குண்டு முறுக்குப் பள்ளத்தைத் தொடுவதே இல்லை, துணிதான் தொடுகிறது. பள்ளத்தின் முறுக்கைப் பிடித்துக் குண்டுக்குக் கொடுப்பதும், பின்னாலிருந்து வரும் ஆவியைக் கசியவிடாமல் அடைப்பதும், முந்திய வெடியில் எரிந்த மருந்தின் கசட்டைத் துடைத்துக்கொண்டு இறங்குவதும் அதே துணிதான். உங்கள் குண்டுக்கும் குழலின் மேட்டுக்கும் இடையே ஒவ்வொரு பக்கமும் 0.1 மில்லிமீட்டர் இடைவெளிதான் என்றாலும், பள்ளத்தின் ஆழத்தையும் சேர்த்து நிரப்ப வேண்டும். நைந்த வேட்டி 0.2 மில்லிமீட்டர்கூட இருக்காது. அது மேட்டில் இறுகி, பள்ளத்தில் காலியாக நிற்கும். ஆவி அந்தக் காலி வழியே பாய்ந்து துணியை எரித்துவிடும். 0.30 முதல் 0.38 மில்லிமீட்டர் வரை தடிப்புள்ள, நெருக்கமாக நெய்த, முழுப் பருத்தித் துணி வேண்டும். காரைக்குடியில் மெத்தை தைப்பவர்களிடம் கிடைக்கும் கோடு போட்ட மெத்தைத் துணி பெரும்பாலும் இதற்கு ஏற்றதாக இருக்கும்; நல்ல காடாத் துணியும் ஆகும். வாங்குமுன் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கறுத்த மணியாகத் திரளும். அந்த மணி உங்கள் குழலின் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வாங்கிய துணியை வெந்நீரில் இரண்டு முறை துவைத்துக் கஞ்சியைப் போக்கிய பிறகே தடிப்பை அளக்க வேண்டும். கஞ்சியோடு அளந்தால் ஓர் அளவு வரும். கஞ்சி போய்ச் சுருங்கினால் வேறு அளவு வரும். மைக்ரோமீட்டரில் விரலால் மெல்லப் பிடித்தபோது ஓர் அளவும், இறுக்கிப் பிடித்தபோது ஓர் அளவும் குறித்து வையுங்கள். இறுக்கிய அளவே குழலுக்குள் நடப்பதற்கு நெருக்கமானது.

கண்டாங்கியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கி நல்ல பருத்திதான், ஆனால் பல ஆண்டுகள் உடுத்தித் துவைத்த சேலையில் இழைகள் வலுவிழந்திருக்கும். ஓரிடம் தடிப்பாகவும் ஓரிடம் நைந்தும் இருக்கும். ஒரே மாதிரி இல்லாத துணியால் ஒரே மாதிரி சுட முடியாது. ஆச்சியின் சேலைகள் பெட்டகத்திலேயே இருக்கட்டும்.

எண்ணெய்க்கு நம் வீட்டிலேயே வழி இருக்கிறது. விளக்கெண்ணெய் கருமருந்துக்கு மிக நன்றாக ஒத்துப்போகும்; பெட்ரோலிய வகைக் கிரீசுகளும் எஞ்சின் ஆயிலும் கசட்டோடு சேர்ந்து தார்போல இறுகிவிடும். தேன்மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து இளக்கி, அதன் அளவுக்கு இருமடங்கு விளக்கெண்ணெய் விட்டுக் கலந்து ஆறவைத்தால் மெழுகுபோல் திரளும். அதைத் துணியில் தேய்த்து, அதிகமாக ஒட்டியதை இரு விரலால் வழித்துவிடுங்கள். தேங்காய் எண்ணெயைச் சிலர் பரிந்துரைப்பார்கள். குளிர்நாட்டில் அது உறைந்து நிற்கும், நம் ஊர் வெயிலிலோ எப்போதும் தண்ணீராகத்தான் இருக்கும், வழிந்து மருந்தை நனைத்துவிடும். 1857-இல் இந்தியச் சிப்பாய்களிடம் கொடுக்கப்பட்ட என்ஃபீல்டு ரைபிளின் தோட்டாக்களில் தடவப்பட்டிருந்த கொழுப்பைச் சுற்றி எத்தனை பெரிய கலகம் மூண்டது என்பது எல்லோருக்கும் தெரியும். விளக்கெண்ணெயும் தேன்மெழுகும் யாருடைய நம்பிக்கைக்கும் குறுக்கே நிற்பதில்லை.

மறுமொழி: அரியக்குடி சாலை

இவ்வளவு அலசல் தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. மருந்துதான் மந்தமாக இருக்க வேண்டும். கடையில் வாங்கிய மருந்து பழையதாக இருந்தால் வேகம் வராது. சிவகாசி நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே தெரிந்தவர் மூலம் நல்ல காரமான மருந்து வாங்கிச் சிறிதளவு கலந்து பாருங்கள். கோயில் திருவிழாவில் வேட்டுப் போடுபவர்களிடமும் கேட்கலாம். எங்கள் பக்கம் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் சமாளித்தார்கள்.

மறுமொழி: தேவகோட்டை ரஸ்தா

அரியக்குடி அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் இந்த யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

துப்பாக்கிக்கான கருமருந்து அரைத்து, அழுத்தி, உடைத்து, சல்லடையில் தரம் பிரித்த குருணை. அந்தக் குருணையின் பருமன்தான் எரியும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. குருணை நுண்மையாக நுண்மையாக எரிவது விரைவாகும். அதனால்தான் உங்களுடையது போன்ற சிறிய குழலுக்கு மூன்று எஃப் என்ற நுண்ணிய தரத்தையும், அதைவிடப் பெரிய குழல்களுக்கு இரண்டு எஃப் என்ற பருமனான தரத்தையும் வெளிநாடுகளில் வகுத்து வைத்திருக்கிறார்கள். பட்டாசில் சத்தத்துக்காகச் சேர்ப்பது அலுமினியப் பொடி கலந்த வேறொரு மருந்து. அது எரியும் வேகம் கருமருந்தோடு ஒப்பிடக்கூடியதே அன்று. காகிதச் சுருளைக் கிழிப்பதற்காகக் கலந்ததைக் குழலுக்குள் வைத்தால், கிழிவது உங்கள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும் இரும்பாக இருக்கும். திருவிழா வேட்டுக்கு மேலே ஈயக் குண்டு கிடையாது. மேல்வாய் திறந்த இரும்புக் குழாயில் சத்தம் மட்டும் எழுப்பினால் போதும் என்பதால் அங்கே எந்த மருந்தும் ஓடிவிடும். தோட்டாத் துப்பாக்கிகளுக்கான புகையில்லா மருந்தையும் ஒரு சிட்டிகைகூட இதில் சேர்க்கக் கூடாது. வெளிநாடுகளில் இந்த வகைக் குழல்கள் வெடித்த நிகழ்வுகளில் அடிக்கடி கண்டறியப்படும் காரணங்களில் அதுவும் ஒன்று.

சட்டமும் இருக்கிறது. 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளும் நடைமுறையில் உள்ளன. உரிமம் இல்லாமல் மருந்து கலப்பதும் வாங்குவதும் குற்றம். ஆயுத உரிமத்தில் எவ்வளவு மருந்தும் கேப்பும் வைத்திருக்கலாம் என்று குறிக்கப்பட்டிருக்கும். அந்த அளவில், உரிமம் பெற்ற கடையில் மட்டும் வாங்குங்கள். மருந்து பழையதோ புதியதோ, ஒரே தவணையில் வாங்கியதைத் தனியாக வைத்து அதற்கென்று அளவு கண்டுபிடியுங்கள். அடுத்த தவணை வாங்கும்போது ஐந்து கிரெய்ன் குறைத்து மறுபடி தொடங்க வேண்டும்.

ஈயத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நகத்தால் கீறினால் கோடு விழும் மென்மையான தூய ஈயம்தான் துணியோடு இசைந்து பள்ளத்துக்குள் அமரும். வண்டிச் சக்கர விளிம்பில் கொக்கிபோல மாட்டும் சமன் எடைகள் பெரும்பாலும் ஆன்டிமனி கலந்து கடினமானவை. பழைய பேட்டரித் தகடுகளை உருக்கவே கூடாது. அவற்றிலிருந்து நச்சு வாயு வரும். தொண்டிப் பக்கம் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகள் பெரும்பாலும் மென்மையாக இருக்கும், நகத்தால் சோதித்துக்கொள்ளுங்கள். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம் என்பதால் அதன்மேல் யாரும் கண் வைக்க வேண்டாம். உருக்குவது வெளியில், காற்றோட்டத்தில், சமையல் பாத்திரங்கள் எதையும் தொடாமல் நடக்கட்டும். குழந்தைகள் அருகில் இருக்கவே கூடாது.

மறுமொழி: கானாடுகாத்தான் வளவு

அனைவருக்கும் நன்றி. சொன்னபடி நிப்பிளை மாற்றினேன். ஆப்பு தளர்வாகத்தான் இருந்தது, பழுதுபார்ப்பவர் சரிசெய்து கொடுத்துவிட்டார். முறுக்கு 60 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வருகிறது. மெத்தைத் துணி 0.36 மில்லிமீட்டரில் கிடைத்தது. 45 கிரெய்னில் கூட்டம் முன்பைவிடப் பாதியாகச் சுருங்கியிருக்கிறது, ஆனால் துளைகள் பக்கவாட்டில் ஒட்டியும் மேலும் கீழுமாக நீண்டும் விழுகின்றன. 50 கிரெய்னிலும் அதே நிலைதான். கெட்டிக்கும்போது முதல் குண்டு எளிதாக இறங்குகிறது, அடுத்தடுத்தது இறுகுகிறது. சுட்ட பிறகு முன்னால் விழுந்து கிடந்த துணிகளைப் பொறுக்கி வந்தேன். முதல் துணி முழுதாக இருக்கிறது. மூன்றாவது, நான்காவது துணிகளில் குண்டு அமர்ந்த வட்டத்தைச் சுற்றிப் பழுப்பாகக் கருகி, ஓரிரு இடங்களில் சிறு துளை விழுந்திருக்கிறது. வெட்டுப்போல இல்லை, எரிந்ததுபோல இருக்கிறது. இதிலிருந்து என்ன புரிந்துகொள்வது?

மறுமொழி: தேவகோட்டை ரஸ்தா

துணிகளைப் பொறுக்கியது மிக நல்ல காரியம். அட்டையைவிட அவையே அதிகம் சொல்லும்.

நல்ல கெட்டிப்பின் துணி சுடுதளத்தில் ஐந்தாறு கஜத்துக்கு அப்பால் விழுந்து கிடக்கும். நடுவில் குண்டு அமர்ந்த இடம் சாம்பல் நிறத்தில் இருக்கும். அதைச் சுற்றிப் பள்ளங்களின் எண்ணிக்கைக்குச் சரியாகக் கறுத்த கோடுகள் விழுந்திருக்கும். விளிம்பு மட்டும் பிசிறியிருக்கும். திரும்பவும் கெட்டித்துவிடலாமோ என்று தோன்றும் அளவுக்கு அது முழுதாக இருக்க வேண்டும். கோட்டுக்குக் கோடு கத்தியால் அறுத்ததுபோல் இருந்தால் மேடுகளின் விளிம்போ குழல்வாயோ கூர்மையாக இருக்கிறது என்று பொருள். நடுப்பகுதியே எரிந்து ஓட்டையானால் துணி மெலிது, அல்லது எண்ணெய் போதவில்லை. உங்கள் முதல் துணி முழுதாக இருப்பதால் துணியின் தடிப்பும் குழலின் விளிம்பும் சரியாகவே இருக்கின்றன. பிந்திய துணிகள் மட்டும் கருகுவதால், குற்றம் கசட்டில்தான் இருக்கிறது. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கும் மேல் திடப்பொருளாகவே எஞ்சும். அதில் புகையாகப் போனது போக மீதி குழலில் படிகிறது. நம் பக்கத்து உலர்ந்த வெயிலில் அது ஓடுபோல இறுகிவிடும் என்பதால், துணியின் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு துணியையே சுரண்டுகிறது. மேலும் கீழும் நீளும் துளைகளும் அதையே சொல்கின்றன. கசடு கூடக் கூட அழுத்தம் மாறி, குண்டின் வேகம் மாறுகிறது. வேகம் மாறினால் துளை மேலோ கீழோ போகும். பக்கவாட்டில் சிதறாததால் உங்கள் குறிபார்ப்பிலும் ஆப்பிலும் குறை இல்லை.

ஆகவே ஒவ்வொரு வெடிக்கும் பின் துடையுங்கள். தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த ஒரு துணியை ஒரே இழுப்பில் அடிவரை இறக்கி, ஒரே இழுப்பில் வெளியே எடுங்கள். முன்னும் பின்னும் குத்தினால் கசடு அடியில் சேர்ந்து நெருப்புத்துளையை அடைத்துவிடும். அதைத் தொடர்ந்து உலர்ந்த துணி ஒன்று. எல்லாத் துணிகளும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும் என்பதால், சுடுவதற்கு முன்பே நனைத்துப் பிழிந்து ஒரு டப்பாவில் மூடி வைத்துவிடுவது நல்லது. முதல் குண்டுக்கு முன் இரண்டு கேப்புகளை வெறுமனே வெடித்து எண்ணெயை எரித்துவிட்டு, அதன்பின் ஒரு குண்டை அட்டையின் ஓரத்தில் சுட்டுத் துடைத்த பிறகு கணக்கைத் தொடங்குங்கள். அப்போது எல்லாக் குண்டுகளும் ஒரே நிலையிலுள்ள குழலைச் சந்திக்கும்.

கோலிலும் ஓர் அடையாளம் வேண்டும். வெற்றுக் குழலில் கோலை இறக்கி வாய்மட்டத்தில் ஒரு கோடும், சரியாகக் கெட்டித்த பிறகு வாய்மட்டத்தில் இன்னொரு கோடும் போட்டு வையுங்கள். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் விட்டுச் சுட்டால் குழல் அந்த இடத்தில் உப்பிவிடும். இரண்டாவது கோடு வாயோடு ஒட்டவில்லையென்றால் கேப்பை எடுக்கவே கூடாது. குண்டு மருந்தைத் தொட்டதும் கோலால் இடித்து இடித்துக் கெட்டிக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது மென்மையான ஈயத்தின் தலையை நசுக்கிவிடும். ஒரே அழுத்தத்தில் உட்கார வைத்தால் போதும். அச்சின் வாய்த்தழும்பு (ஈயம் ஊற்றிய இடத்தில் குண்டில் நிற்கும் அடையாளம்) எப்போதும் மேல்நோக்கி, நடுவில் இருக்கட்டும்.

மறுமொழி: குன்றக்குடி மலையடி

சுடுவது பற்றி எல்லோரும் நிறையச் சொல்லிவிட்டீர்கள். சுட்டு முடிந்த பிறகு நடப்பதைப் பற்றி நான் சேர்க்கிறேன். எரிந்த மருந்தின் கசடு உப்புத்தன்மையுள்ளது. காற்றின் ஈரத்தை உறிஞ்சும். வெயில்காலத்தில் ஒருவேளை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடத் தோன்றும், ஐப்பசி மழையில் விட்டால் ஓரிரவில் குழல் செந்நிறமாகிவிடும். சுடுதளத்திலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே நிப்பிளைக் கழற்றி, குழலின் அடிப்பக்கத்தை வாளித் தண்ணீரில் வைத்து, துணி மாட்டிய கோலால் மேலும் கீழும் இழுத்துத் தண்ணீர் தெளிவாகும்வரை கழுவ வேண்டும். கைபொறுக்கும் சூடு இருந்தால் போதும். கொதிநீர் ஊற்றினால் இரும்பு சூடேறி உடனே மெல்லிய துரு படரும் என்பதைக் கவனித்திருக்கிறேன். சோப்பு, ரசாயனம் எதுவும் தேவையில்லை. உலர்ந்த துணிகள் சுத்தமாக வெளியே வரும்வரை துடைத்து, கைபொறுக்கும் வெயிலில் சற்று வைத்து, எண்ணெய் தடவி, மறுநாள் மீண்டும் ஒரு வெள்ளைத் துணியை விட்டுப் பாருங்கள். அதில் பழுப்பு தெரிந்தால் மறுபடி எண்ணெய். குழலில் அரிப்புக் குழி விழுந்துவிட்டால் எந்தத் துணியும் அதன்மேல் கிழியும். நீங்கள் கண்டுபிடித்த மருந்தளவும் பயனற்றதாகிவிடும்.

இன்னொன்று. சுடுதளத்தைத் தவிர வேறெங்கும் சோதித்துப் பார்க்க வேண்டாம். தோப்பில் ஒரு தடவை பார்ப்போமே என்று தொடங்கி, மயிலின் பெயரில் வழக்காகி நிற்பவர்கள் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடுமையானது. வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகள் அஞ்சிப் போய்விடுமே என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. அந்தப் பக்கத்தில் வெடிச்சத்தம் கேட்டால் காவல்துறைக்கு முன்பே ஊரார் வந்து நிற்பார்கள்.

மறுமொழி: கானாடுகாத்தான் வளவு

ஒவ்வொரு வெடிக்கும் பின் துடைத்துச் சுட்டதில், 50 கிரெய்னில் மேலும் கீழும் நீள்வது நின்றுவிட்டது. ஐந்து துளைகளும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்குகின்றன. கடைசித் துணியும் முதல் துணியைப் போலவே முழுதாக வருகிறது. 55-இல் சற்று விரிந்தது. 52-இல் என்ன ஆகிறது என்று அடுத்து பார்க்க வேண்டும். கூட்டம் அட்டையின் நடுவுக்கு நான்கு விரற்கடை இடப்பக்கம் விழுகிறது. பின்குறிமுள்ளை எந்தப் பக்கம் தட்ட வேண்டும்?

மறுமொழி: தேவகோட்டை ரஸ்தா

துளைகள் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின்குறிமுள்ளை அதே பக்கம் நகர்த்த வேண்டும், உங்களுக்கு வலப்பக்கம். முன்குறிமுள்ளைத் தொட்டால் எதிர்ப்பக்கம். ஆனால் 52-ஐயும் 48-ஐயும் சுட்டு அளவை முடிவு செய்த பிறகே தட்டுங்கள். பித்தளைக் கம்பியை வைத்து, சிறு சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். இரும்பால் தட்டினால் பள்ளத்தில் தழும்பு விழும். நகர்த்தத் தொடங்குமுன் பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.